ஊஞ்சல் பலகையில் ஒரு நீலப் புள்ளி

ஆனைக்கசம் பேரூராட்சியில் வருகைப்பதிவு செயலி வந்த மூன்றாம் நாள் விடியலில், அதுவரை கைப்பேசிகளுக்குள் இருந்த நீலப் புள்ளிகள் எல்லாம் இறங்கித் தரைக்கு வந்துவிட்டன. அதைப் பார்த்து யாரும் பெரிதாக வியக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் மேல்நிலைத் தொட்டியில் குடிதண்ணீர் வந்திருந்தது, ஒரே மாதத்தில் இரண்டு அதிசயத்துக்கு வாய் பிளக்க அந்த ஊர்க்காரர்களுக்குத் தெம்பில்லை.

புள்ளி ஒரு முறம் அகலம் இருந்தது. நடுவில் அடர்ந்த நீலம், சுற்றிலும் வெளிறிய வட்டம், அந்த வட்டம் தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் சூடில்லை, துடைத்தால் போகவில்லை. கோழிகள் முதல் நாள் கொத்திப் பார்த்தன, இரண்டாம் நாள் அதிலேயே படுத்துக்கொண்டன. பெரும்பாலானவர்களின் புள்ளி அவரவர் காலடியில் கிடந்தது. சிலருடையது கழற்றிப் போட்ட செருப்பு மாதிரி ஓரிரண்டு எட்டு தள்ளிக் கிடந்தது. ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்கும் மரியாதை வகுத்துவிட்டது. அடுத்தவர் புள்ளியை மிதிக்கக் கூடாது, மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும், தன் புள்ளியைவிட்டு நகர்வதும் மரியாதையில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், அவள் புள்ளி எங்கே நிற்கிறது என்றும் பார்த்தார்கள். சீட்டுக் கிளப்பைவிட்டு மூன்று பேர் வீட்டுக்கு வந்த பிறகும் அவர்கள் புள்ளி மட்டும் அங்கிருந்து எழுந்து வராததால் மூன்று வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை.

தூய்மைப் பணியாளர்களுக்குத்தான் அந்தச் செயலி. மற்றவர்கள் பொழுதுபோக்குக்கு இறக்கிக்கொண்டார்கள்.

புள்ளிகள் இறங்கிய அந்த முதல் காலையில் குருவம்மாவின் புள்ளி அவள் காலடியில் இல்லை. எட்டாவது வார்டு கிழக்கு வாறுகாலுக்குள் முழங்கால் வரை சாக்கடையில் நின்றபடி இடமும் வலமும் தேடினாள், மண்வெட்டியை விட்டுச் சகதியைக் கிளறினாள், அண்ணாந்து வேப்பமரத்தைப் பார்த்தாள். மேஸ்திரி கோயில்பிச்சையின் கைப்பேசியில் எல்லாருடைய புள்ளியும் பெயரோடு தெரியும். அவர் திரையை விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு வேர்த்தது.

“யக்கா, ஒம் புள்ளி தலைவர் வீட்டுக்குள்ள இருக்கு.”

“எந்தத் தலைவரு?”

“ஊருக்கு எத்தன தலைவரு வச்சிருக்கோம்? உலகநாதன் அய்யா வீட்டு ஊஞ்சல்ல, பலகைக்கு நட்ட நடுவுல ஒக்காந்திருக்கு.”

குருவம்மா இடுப்புச் சேலையிலிருந்து ரப்பர் வளையம் சுற்றிய கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். அது போன பொங்கலுக்குத் தலைவர் சம்சாரம் சௌந்தரவல்லி, விரல் பட்டுவிடாதபடி ஒரு சாண் உயரத்திலிருந்து அவள் ஏந்திய கையில் போட்ட பழைய கைப்பேசி. அந்த அம்மாவிடம் இருந்த நாலு வருசமும் அது அந்த ஊஞ்சலில்தான் கிடந்தது. அதுதான் தன் வீடு என்று அதற்குப் பட்டிருக்கலாம். இதற்கு மேல் காரணம் ஒருவரும் கேட்கவில்லை.

பதினோரு வருசமாக அந்த வீட்டை குருவம்மா அறிவாள், ஆனால் பின்னாலிருந்து அறிவாள். அங்கே என்றைக்கு மீன், என்றைக்கு விரதம், என்றைக்கு விரதம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு மீன் என்பதெல்லாம் வாறுகால் வழியே வந்து அவள் காலைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போகும். ஊஞ்சலை மட்டும் அவள் பார்த்ததே இல்லை.

அவளுக்கு அன்றைக்கு நானூற்று அறுபத்திரண்டாவது நாள். இடைவிடாமல் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தால் தற்காலிகம் போய் நிரந்தரமாகும் என்று அந்தப் பேரூராட்சியில் ஒரு விதி இருந்தது. ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை, பெரிய பேரேட்டில் கையால் வருகை எழுதிய காலத்தில், நானூற்று எழுபதை நெருங்கும்போது தலைவர் சிரித்த முகத்தோடு கூப்பிட்டு, “ரெண்டு நாள் மக வீட்டுக்குப் போயிட்டு வா குருவம்மா, ஒடம்பு எளைச்சிருக்கே” என்று அனுப்பி வைத்திருக்கிறார். திரும்பி வந்தால் பேரேட்டில் வரவில்லை என்று இரண்டு கோடு கிடக்கும். அவள் புருசன் சோலையப்பன் இதே வாறுகாலில் இருபத்திரண்டு வருசம் தற்காலிகமாக இருந்து நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தவன். அவனுக்கும் அவ்வப்போது உடம்பு இளைத்திருந்ததாகத்தான் பேரேட்டில் இருந்தது. இந்த மூன்றாவது தடவை நடுவில் அறுந்தால் நாலாவதற்குத் தன் முழங்கால் தாங்காது என்று குருவம்மாவுக்குத் தெரியும்.

செயலியைத் தொடங்கி வைத்ததும் தலைவர்தான். மேடையில் கைப்பேசியைத் தேங்காய் மாதிரி உயர்த்திப் பிடித்து, “மனுசன் பொய் சொல்லுவான், பேரேடு பொய் சொல்லும், புள்ளி பொய் சொல்லாது!” என்று முழங்கினார். அதைச் சுவரிலும் எழுதி வைத்தார்கள். அதனால் மேஸ்திரி கோயில்பிச்சை விதிப்படி புள்ளி இருக்கும் இடத்துக்குப் போய், அங்கே இருக்கும் ஆளைப் பார்த்து எழுத வேண்டியவரானார். தலைவர் வீட்டுச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ஊஞ்சலில், நீலப் புள்ளிக்கு மேல், சௌந்தரவல்லி காலாட்டியபடி காபி குடித்துக்கொண்டிருந்தாள். கோயில்பிச்சை கண்டதை எழுதினார்: பணியாளர் புள்ளியில் உள்ளார், காபி அருந்துகிறார்.

அந்த ஒரு வரியில் குருவம்மாவின் நானூற்று அறுபத்திரண்டு நாளும் சௌந்தரவல்லி பேருக்குப் போய்விட்டன. மறுநாளும் அம்மா அதே ஊஞ்சலில் அதே நேரத்தில் காபி குடித்தாள், நானூற்று அறுபத்து மூன்று ஆயிற்று. அன்று மதியமே பேரூராட்சி வண்டி தலைவர் வீட்டு வாசலில் வந்து நின்று, ஆரஞ்சு மேல்சட்டை ஒன்று, முழங்கை வரை ரப்பர் உறை ஒரு சோடி, தென்னம்விளக்குமாறு, மண்வெட்டி, பணியில் இருந்தும் இரண்டு நாளாக வாறுகால் அள்ளாததற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம், இவ்வளவையும் இறக்கி வைத்துவிட்டுப் போனது. சௌந்தரவல்லி போட்ட சத்தத்தில் தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டன.

“என்னயப் பாத்து வாறுகால் அள்ளுன்னு எழுதியிருக்கான்! இத நீங்க படிச்சீங்களா இல்லியா?”

“படிச்சேன். கையெழுத்தே நாந்தான் போட்டிருக்கேன்” என்றார் உலகநாதன் பரிதாபமாக. “மொத்தமாக் கொண்டு வந்தான், போட்டேன்.”

அன்று சாயங்காலம் பேரூராட்சிக் கூட்டம். செயல் அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சட்டம் சொன்னார். புள்ளி இருக்கும் இடமே பணியிடம், புள்ளியில் இருக்கிறவரே பணியாளர். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை மேஸ்திரி எப்போது வந்து பார்த்தாலும் ஆள் புள்ளியில் இருக்க வேண்டும். அப்படியானால் ஊஞ்சலைக் காலியாகப் போட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டார். போடலாம், ஆனால் புள்ளியில் ஆளில்லை என்று பதிவாகும், நூறு சதவீதப் புள்ளி வருகைக்காக மாவட்டத்தில் நமக்குத் தரப்போகிற கேடயம் போய்விடும் என்றார் அலுவலர். தலைவர் அந்தக் கேடயத்தை வாங்குவது போல ஏற்கெனவே படம் எடுத்துச் சுவரொட்டிக்குக் கொடுத்திருந்தார். கைப்பேசியை மாற்றலாமா என்று கேட்டு மாவட்டத்துக்கு எழுதினார்கள். புள்ளியும் செயலியும் பொருந்தியிருப்பதால் நடவடிக்கை தேவையில்லை என்று உடனே பதில் வந்தது. அந்த அலுவலகத்திலிருந்து உடனே வந்த முதல் பதில் அதுதான்.

பலகையைக் கழற்றி மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார்கள். புள்ளி கூடத்து நடுவில், முழங்கால் உயரத்தில், அந்தரத்தில் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு நடந்ததில் சௌந்தரவல்லிக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. பலகை மறுபடி சங்கிலிக்கு வந்தது.

“வேற வழியில்ல. அவளையே கூப்பிட்டு ஒக்கார வைங்க” என்றாள் சௌந்தரவல்லி. சொல்லிவிட்டு வாயைக் கொப்பளித்தாள்.

அப்படித்தான் குருவம்மா அந்த வீட்டுக்குள் போனாள். கொல்லைப்புறம் வழியாக வர வேண்டும், கிணற்றடியில் கால் கழுவ வேண்டும், சுவரைத் தொடாமல் நடக்க வேண்டும், கூடத்தில் யாரையும் பார்த்துப் பேசக் கூடாது. பலகையில் சாக்கு விரித்தார்கள், புள்ளி சாக்குக்கு மேல் ஏறிக்கொண்டது. சாக்குக்கு மேல் பாலித்தீன் தாள் விரித்தார்கள், புள்ளி அதற்கும் மேல் ஏறிக்கொண்டது. வருகிறவர்கள் கண்ணில் படாமலிருக்க ஒரு பழைய நைலான் சேலையைச் சுற்றிலும் கட்டினார்கள். மதியம் இரண்டு மணிக்கு அவள் இறங்கிப் போனதும் சங்கிலி முதல் வாசல்படி வரை மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

“யக்கா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க” என்றார் கோயில்பிச்சை. “ஆட்டாத. பலக அரை அடி நகந்தாலும் ஆள் புள்ளியில இல்லன்னு விழும்.”

அப்படியாகக் குருவம்மா நாளுக்கு எட்டு மணி நேரம், ஆடாத ஊஞ்சலில், கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தாள். நானூற்று அறுபத்து நாலு. நானூற்று அறுபத்தைந்து. நாள்களெல்லாம் புள்ளியோடு சேர்ந்து அவளிடம் திரும்பி வந்துவிட்டன. ஆனால் பதினோரு வருசம் குனிந்தே இருந்த முதுகுக்கு நிமிர்ந்து உட்காருவது முதல் நாள் வாறுகாலைவிட அதிகமாக வலித்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கூட வேலை பார்க்கும் வேலுத்தாய் தெருவை மறித்து நின்றாள்.

“வாங்க மகாராணி! இன்னைக்கு என்ன வேல பாத்தீங்க?”

“ஒக்காந்திருந்தேன்டி.”

“அய்யய்யோ, கையெல்லாம் காச்சுப்போச்சா?”

“கையி இல்லடி. வேற எடம்.”

வேலுத்தாய் சிரித்த சிரிப்பில் தலைக்குடம் சரிந்தது.

விசயம் இரண்டே நாளில் ஊருக்குப் பழகிவிட்டது. காலையில் தலைவரிடம் மனு கொடுக்க வருகிறவர்கள் வழக்கமாக ஊஞ்சலைப் பார்த்துக் கும்பிட்டு, ஊஞ்சலில் இருக்கும் கையில் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். நைலான் சேலைக்கு உள்ளே யாரோ இருப்பது நிழலாகத் தெரிந்தது, அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. முதியோர் உதவி கேட்டு ஒருவர், தெருவிளக்கு கேட்டு ஒருவர், பட்டா கேட்டு ஐந்தாவது தடவையாக ஒருவர், சேலை இடுக்கு வழியே காகிதத்தை நீட்டினார்கள். குருவம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பதினோரு வருசம் சன்னலுக்கு வெளியே வாறுகாலில் நின்று கேட்டு மனப்பாடமாகியிருந்த இரண்டு வார்த்தையைத் தொண்டையைக் கனைத்துச் சொன்னாள்.

“சரி, பாப்போம்.”

அவர்கள் திருப்தியோடு போனார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பட்டாக்காரர் மட்டும், தலைவர் இப்போதெல்லாம் முன்னைவிடக் கனிவாகப் பேசுகிறார் என்று டீக்கடையில் சொன்னார்.

நானூற்று எழுபதாவது நாள் தலைவரே சேலையை ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது.

“என்ன குருவம்மா, ஒடம்பு எளைச்சாப்ல இருக்கே.”

“இல்லய்யா. ஒக்காந்தே இருக்கேன்ல, ஒரு சுத்து பெருத்திருக்கேன்.”

“ரெண்டு நாள் மக வீட்டுக்குப் போயிட்டு வாயேன். பேரப்பிள்ளையப் பாத்தாப்ல இருக்கும்.”

குருவம்மா குனிந்து தன் மடிக்கடியில் ஏறி இறங்கும் நீலத்தைப் பார்த்தாள்.

“நான் போவேன்யா, புள்ளி வராதே. நாளைக்கு இதுல யார ஒக்கார வைப்பீங்க? அம்மாவயா?”

உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. தலைவர் சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு போனார். சுவரில் அவர் எழுதி வைத்த வாசகத்தை அதன் பிறகு அவர் சத்தம் போட்டு வாசிக்கவில்லை.

ஆனால் எட்டாவது வார்டு கிழக்கு வாறுகாலுக்குச் செயலியும் தெரியாது, புள்ளியும் தெரியாது. அள்ளுகிற ஆள் ஊஞ்சலில் இருப்பதால் அது நிறையத் தொடங்கியது. மற்ற வார்டுக்காரர்கள் வந்து அள்ளலாமென்றால் தங்கள் வார்டை விட்டு வந்த நிமிசத்தில் அவர்கள் நாள் அறுந்துவிடும், ஒருவரும் வரவில்லை. காகிதக் குவளைகள், கோழி இறகுகள், கல்யாண மண்டபத்து இலைகள், யாரோ தலைமுழுகிவிட்டுப் போட்ட துணிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று வந்து படிந்தன. பத்தாவது நாள் சாக்கடை தெருவுக்கு வந்தது. பன்னிரண்டாவது நாள் தெருக்காரர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்கு வந்து சேலைக்கு வெளியே மனுக் கொடுத்தார்கள். குருவம்மா வாங்கி வைத்துக்கொண்டு, சரி, பாப்போம் என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. நாற்றத்தை முகர்ந்தே எங்கே அடைத்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவள் அவள். மூன்றாவது பாலத்துக்கடியில் தேங்காய்மட்டை சிக்கியிருக்கும், அதை ஒரு இழு இழுத்தால் பாதித் தெரு வடியும் என்று அவள் உள்ளங்கை அரித்தது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கிழக்கு வாறுகால் முழுவதும் சரிந்து சரிந்து போய் முடிகிற பள்ளத்தில்தான் தலைவர் வீடு இருந்தது.

நானூற்று எண்பதாவது நாள் காலை பதினோரு மணிக்குச் சாக்கடை வாசல்படி ஏறியது. ஏறி, கோலத்தைக் கலைத்து, செருப்புகளை மிதக்கவிட்டு, விருந்தாளி மாதிரி நிதானமாகக் கூடத்துக்குள் வந்தது. சௌந்தரவல்லி நாற்காலியில் ஏறினாள். அது கால் தொட்டதும் மேசையில் ஏறினாள். ஊஞ்சல் ஒன்றுதான் அந்த வீட்டில் நனையாமல் இருந்தது.

“ஏ குருவம்மா! எறங்கிப் போயி என்னன்னு பாரும்மா! ஒனக்குப் புண்ணியமாப் போகும்!” என்று மேசைமேல் நின்று கும்பிட்டாள் சௌந்தரவல்லி.

குருவம்மாவை அவள் ‘அம்மா’ போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குருவம்மாவின் கால் தன்னை அறியாமல் பாதி இறங்கிவிட்டது. கைப்பேசியைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு இன்னும் நேரம் கிடந்தது. காலை மேலே இழுத்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

“புள்ளிய விட்டு எறங்குனா ஆப்சென்ட் விழும்மா. கேடயமும் போயிரும்.”

“கேடயம் கெடக்குது!”

“கேடயம் கெடக்கட்டும்மா. எனக்கு நானூத்தி எம்பது.”

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று ஆள் கூப்பிட்டார். தெரு முழுக்க ஆள் இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் புள்ளியில் நின்றுகொண்டிருந்தார்கள். புள்ளியைவிட்டு நகர்வது மரியாதையில்லை என்று ஊர் வகுத்ததே அவர் தலைமையில்தான். அவர் கூப்பிடக் கூப்பிட எல்லாரும் பணிவாகத் தலையசைத்தார்கள். யாரும் அசையவில்லை. சாக்கடை பூசையறை வாசலுக்கு வந்துவிட்டது என்று மேசையிலிருந்து அலறல் கேட்டது.

உலகநாதன் சுற்றிப் பார்த்தார். பதினேழு நாளாக வாசல் மூலையில் சாத்திவைத்திருந்த மண்வெட்டி, சௌந்தரவல்லி பேருக்கு வந்தது, மிதந்து வந்து அவர் முழங்காலில் முட்டியது.

“எங்கடி அடைச்சிருக்கு?” என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினார்.

“மூணாவது பாலத்துக்கு அடியிலய்யா!” என்று சேலைக்குள்ளிருந்து குரல் வந்தது. “மேல நின்னு குத்துனா வராது. உள்ள எறங்கிக் கைய விட்டு இழுக்கணும்!”

அவர் இறங்கினார். முதலில் முழங்கால், பிறகு தொடை, பிறகு வெள்ளை வேட்டி விரிந்து மேலே மிதக்க இடுப்பு. அவர் கைப்பேசி சட்டைப்பையில் இருந்தது. அவருடைய புள்ளி விசுவாசமான புள்ளி, ஒரு நாளும் அவரைவிட்டு அகலாதது. அதுவும் அவரோடு இறங்கி, கறுத்த தண்ணீருக்குள் நீலமாக நின்றது. மேஸ்திரி கோயில்பிச்சை கரையில் வந்து நின்று திரையைப் பார்த்தார், வாறுகாலைப் பார்த்தார், கண்டதை எழுதினார்: எட்டாவது வார்டு கிழக்கு, பணியாளர் புள்ளியில் உள்ளார், பணி செய்கிறார், முதல் நாள்.

இரண்டு மணிக்குக் குருவம்மாவின் கைப்பேசி சிணுங்கியது. எண்கள் அவளுக்குப் படிக்கத் தெரியும். நாலு, எட்டு, சைபர். அதைச் சேலையில் துடைத்து மறுபடி பார்த்தாள். பிறகு நைலான் சேலையைத் தலைக்கு மேல் சுருட்டிப் போட்டுவிட்டு, காலை நீட்டித் தண்ணீரை ஒரு எத்து எத்தி, பதினேழு நாளாக ஆடாத ஊஞ்சலை ஒரே ஒரு தடவை வீசி ஆடினாள். சங்கிலி கிறீச்சிட்டது. நீலப் புள்ளி நின்ற இடத்திலேயே நிற்க, அவள் அதைக் கடந்து சுவர் வரை போய்த் திரும்பி வந்தாள். சௌந்தரவல்லி மேசைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொல்லைப்புறம் தண்ணீரில் கிடந்ததால் குருவம்மா முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். மூன்றாவது பாலத்துக்கு வந்தபோது உலகநாதன் முகம் வரை கறுத்து, ஒரு தேங்காய்மட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நின்று மூச்சு வாங்கினார். தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கியிருந்தது.

“குருவம்மா, இந்தா பிடி” என்று மண்வெட்டியை நீட்டினார். “முதுகு விட்டுப்போச்சு. என்னால முடியல.”

குருவம்மா குனிந்து பார்த்தாள். மண்வெட்டியை வாங்காமல், அவர் பிடித்திருந்த இடத்தைவிட ஒரு சாண் கீழே விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இங்க பிடிக்கணும்யா, அப்பத்தான் முதுகு வலிக்காது. மொத நாள் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். நடுவுல மட்டும் விட்டுராதீங்க, இன்னும் நானூத்தி எழுவத்தொம்பது நாள் கெடக்கு.”